காசிமாயன் முறை

ஜனவரி 8, திங்கள்

இந்த டைரி கம்பெனி கொடுத்தது. "கம்ப்யூட்டருக்குத் தெரியாத விஷயம் உங்களுக்கு நெறையத் தெரியும்ணே. அன்னன்னைக்குத் தோணுறத எழுதி வைங்க" என்று பெனாசிர் சொன்னது. இன்ஜினியர் பிள்ளை, என் மகள் வயசு. ஐம்பத்தெட்டு வயசில் எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறது. சரி, எழுதித் தொலைப்போம்.

என் பெயர் சோலைமலை. விளக்குத்தூண் பக்கத்துச் சரக்கு வண்டி ஸ்டாண்டில் பத்தொன்பது வருஷம் செயலாளர். நாற்பத்தொரு வண்டி, எல்லாம் குட்டி யானை. இந்த மாசத்தோடு ஸ்டாண்டு முடிகிறது. பிப்ரவரி ஒன்றாம் தேதியிலிருந்து பகலில் மாசி வீதிகளுக்குள் டீசல் சரக்கு வண்டி நுழையக் கூடாது. வெளியூர் லாரி எல்லாம் ரிங் ரோட்டுக் கிடங்கோடு நின்றுவிடும். எவன் அனுப்பிய சரக்காக இருந்தாலும் அங்கே இறக்கி, தெருவாரியாகப் பிரித்து, பத்துக் கடைச் சரக்கை ஒரே வண்டியில் சேர்த்து ஏற்றி அனுப்புவார்கள். பாட்டரி வண்டி. நாற்பத்தொன்று ஓடிய இடத்தில் பதின்மூன்று போதுமாம். எனக்கு அங்கே வழித்தடப் பொறுப்பாளர் என்று ஒரு வேலை, கழுத்தில் மாட்ட ஒரு அட்டை.

இன்று பெனாசிர் கேட்டபடி ஸ்டாண்டு முறை நோட்டுகளைக் கொடுத்துவிட்டு வந்தேன். கடைசி இரண்டு வருஷத்து நோட்டுகள். யார் முறை, எந்தக் கடை, எத்தனை நடை, எல்லாம் என் கையெழுத்து. "இதுக்கு விலையே இல்லண்ணே" என்று பிள்ளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது.

முறை என்றால் என்ன என்று அதற்கு விளக்கினேன். காலையில் வந்த வரிசைப்படி பெயர் எழுதுவோம். முதல் ஆளுக்கு முதல் லோடு. அவன் போய்விட்டால் அடுத்தவன். அவ்வளவுதான் சொன்னேன்.

சொல்லாதது ஒன்று உண்டு. ஒருவன் நோயில் படுத்துவிட்டால் அவன் முறையைத் தாண்ட மாட்டோம். அவன் வண்டியை வேறொருவன் எடுத்துப் போவான். வாடகை படுத்தவன் வீட்டுக்குப் போகும். நோட்டில் படுத்தவன் பெயரையே எழுதுவேன். ஓட்டப் போனவன் திரும்புவதற்குள் அவனுடைய சொந்த முறை தாண்டிப் போயிருக்கும். தாண்டியது தாண்டியதுதான், அதற்காக எவனும் முனகியதில்லை. எங்கள் நோட்டில் வராதவன் என்று ஒருத்தன் இருந்ததே கிடையாது.

ஜனவரி 11, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. முழங்கால் வலி. இந்திராணி தைலம் தேய்த்துவிட்டு, "ஏசி ரூம்ல உக்காந்து வேல பாக்குறவுகளுக்கு எதுக்கு முழங்கால் வலி" என்றாள்.

பெனாசிர் இன்று திரையில் ஒரு கணக்குக் காட்டியது. கீழமாசி வீதியில் ஒரே மளிகைக் கடைக்கு ஒரே காலையில் ஏழு வண்டி போயிருக்கிறது. ஒன்றில் சோப்பு, ஒன்றில் பருப்பு, ஒன்றில் நாலே நாலு பெட்டி பிஸ்கட். ஏழும் பாதிகூட நிறையாமல் போய், வெறுமனே திரும்பியிருக்கின்றன. "எல்லாம் ஒரே வண்டில போயிருக்கலாம்ணே. அந்தத் தெருவுல பள்ளிக்கூடம் ரெண்டு இருக்கு. அம்புட்டுப் புகையும் அந்தப் பிள்ளைக மூஞ்சிலதான்" என்றது. பத்தொன்பது வருஷம் அந்தப் புகையை எழுதி வைத்தவன் நான்தான்.

ஜனவரி 13, சனி

பொங்கல் சாமான் வாங்கினேன். கரும்பு சொத்தை என்று வீட்டில் ஏச்சு.

ஜனவரி 19, வெள்ளி

பதின்மூன்று பேர் பட்டியல் தயார். நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எவன் தவறாமல் வந்திருக்கிறான், எவன் அதிக முறை ஓட்டியிருக்கிறான் என்று பார்த்து அதுவே எடுத்துக் கொடுத்ததாம். சிபாரிசு இல்லை, சாதி இல்லை, சங்கம் இல்லை. பெனாசிருக்கு அதில் பெருமை. இருக்க வேண்டியதுதான்.

முதல் பெயர் காசிமாயன்.

"யாருண்ணே இவரு? ஒன்றரை வருஷத்துல ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கல. ஒரு முறைகூடத் தவறல. இப்படி ஒரு டிரைவரா?" என்றது.

காசிமாயன் அந்த ஒன்றரை வருஷத்தில் வண்டி ஓட்டியது மொத்தம் பதினொரு நாளோ என்னவோ. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடியில் அவன் தலையில் எண்ணெய் டின் விழுந்தது. அதிலிருந்து வலிப்பு வருகிறது. அவன் முறைக்கெல்லாம் மற்றவர்கள்தான் போனார்கள். முக்கால்வாசி சேவுகன். அடுத்தவனுடைய முறை என்பதால் ஒருத்தனும் ஒரு நாளும் விடவில்லை. சொந்த முறையைத்தான் விட்டார்கள். சேவுகனுக்குக் கம்ப்யூட்டர் வரிசையில் பதினேழாவது இடம்.

சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் தூத்துக்குடி லாரிக்காரன் வந்து ஹாரன் அடித்தான். போய்விட்டேன்.

ஜனவரி 20, சனி

ஸ்டாண்டில் பட்டியலை வாசித்தேன். பட்டியலில் இல்லாத இருபத்தெட்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்கள். காசிமாயன் இன்று வரவில்லை.

சேவுகன் மட்டும் என் பின்னாலேயே டீக்கடை வரைக்கும் வந்தான். நாற்பது வயசு, மூக்கில் எப்போதும் சளி, வாயில் எப்போதும் நக்கல். இன்று நக்கல் இல்லை.

"நோட்டப் பாத்துத்தேன் எடுத்தாகளாண்ணே?"

"ஆமாடா."

"அப்ப நான் அவனுக்கு ஓட்டுனதெல்லாம் அவன் ஓட்டுனதாப் போச்சு."

"நான் போய்ச் சொல்லட்டுமா?"

அவன் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். ஆறிய பிறகும் ஆற்றினான். "சொன்னா அவன் பேர அடிச்சுருவாக. அவன் பொண்டாட்டி ஒச்சம்மா மூஞ்சில யாரு முழிக்கிறது? ரெண்டு பொட்டப்பிள்ளைக வேற. விடுங்கண்ணே, எனக்குக் கையுங்காலும் இருக்கு" என்றான். டீக்கு அவனே சில்லறை கொடுத்தான். எனக்குச் சே என்று இருந்தது.

ஜனவரி 22, திங்கள்

காசிமாயன் வீட்டுக்கு வந்தான். ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. கல்யாணத்துக்குச் சொல்ல வந்தவன் மாதிரி வெள்ளை வேட்டி. முகம் அப்படி மலர்ந்து அவனை நான் பார்த்து ரொம்ப நாளாகிறது.

"அண்ணே, அஞ்சு மாசமா ஒண்ணும் வரலண்ணே. மாத்திர ஒருநாள் விடல. எங் கையால ஸ்டீரிங் புடிச்சு எம்புட்டு நாளாச்சு. ஊருல எவன் உழைப்பையோ தின்னுக்கிட்டுக் கெடக்குறது மனுசப் பொழப்பா?"

இந்திராணி உள்ளேயிருந்து வந்து நேராகக் கேட்டாள். "ஓட்டலாம்னு டாக்டரு சொன்னாராப்பா?"

"கேக்கல மதினி."

"ஏன் கேக்கல?"

அவன் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "கேட்டா வேணாம்னுருவாக மதினி" என்றான்.

அவன் போன பிறகு, "நீங்க சொல்லிருங்க" என்றாள். பார்ப்போம் என்றேன். "அவனப் பாத்தாலே உங்களுக்கு நாக்கு ஒட்டிக்கிருது" என்றாள். பழம் நன்றாக இருந்தது. நாட்டுப்பழம்.

ஜனவரி 29, திங்கள்

டிரைவர்களுக்கு உடல் பரிசோதனை. கண், சர்க்கரை, பிரஷர். படிவத்தில் வலிப்பு உண்டா என்று ஒரு வரி. காசிமாயன் இல்லை என்று குறித்தான். அதற்குக் கீழே, 'இவரை நெடுநாள் அறிவேன், எனக்குத் தெரிந்து குறை ஏதுமில்லை' என்று பொறுப்பாளர் கையெழுத்துப் போட ஒரு இடம். பதின்மூன்று படிவத்திலும் மடமடவென்று போட்டேன்.

பேனா ஒழுகுகிறது. வேறு வாங்க வேண்டும்.

பிப்ரவரி 1, வியாழன்

இதை எழுதத்தான் வேண்டும். இன்று கீழமாசி வீதியில் சுவர்க்கடிகாரம் மணி அடித்தது காதில் கேட்டது. மிளகாய் வத்தல் கடைக்கார முதலாளி வெளியே வந்து நின்று, "என்னய்யா, கடையடைப்பா?" என்று கேட்டார். ஹாரன் இல்லை, புகை இல்லை. பதின்மூன்று வண்டியும் வாயில்லாப் பூச்சி மாதிரி வந்து வந்து போயின. மதியம் ஒரு மணிக்குள் எல்லாக் கடைக்கும் சரக்கு சேர்ந்துவிட்டது. ஸ்டாண்டு இருந்தபோது சாயங்காலம் ஆறு ஆகும். நான் சாகிறவரைக்கும் இப்படி ஒரு நாளைப் பார்க்க மாட்டேன் என்று நினைத்திருந்தேன். பெனாசிர் அழுதேவிட்டது.

ஏற்றுகிற வேலை என் பொறுப்பு. கடைசியில் இறங்குகிற கடைச் சரக்கை முதலில் ஏற்ற வேண்டும். பத்துக் கடை என்றால் பத்தையும் தலைகீழாக நினைக்க வேண்டும். அது எனக்குக் கை வந்த வேலை.

பெரிய வண்டி சந்துக்குள் போகாது. முனையில் நிற்கும். அங்கிருந்து சந்துக் கடைகளுக்குத் தள்ளுவண்டி. சேவுகன் தன் குட்டி யானையை விற்றுவிட்டுத் தள்ளுவண்டியில் சேர்ந்துவிட்டான். நாலாம் நம்பர் வண்டியோடு போகிறேன் என்று அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். நாலாம் நம்பர் காசிமாயனுடையது.

பிப்ரவரி 6, செவ்வாய்

டீத்தூளையும் சூடத்தையும் கம்ப்யூட்டர் ஒரே அடுக்கில் போட்டுவிட்டது. டீக்கடைக்காரர் கூப்பிட்டு, "என்ன சோலைமலை, டீ குடிச்சாக் கோயிலுக்குப் போன மாதிரி இருக்கு" என்கிறார். பல கடைச் சரக்கைச் சேர்த்து ஏற்றுவது என்றால் எதோடு எது சேரும் என்று தெரிய வேண்டும். சோப்போடு மாவு ஆகாது. ஊதுபத்தியோடு எதுவுமே ஆகாது. பெனாசிர் குறித்துக்கொண்டது. "இன்னும் எனக்குத் தெரியாதது என்னென்ன இருக்குண்ணே?" என்று சிரித்தது.

பிப்ரவரி 13, செவ்வாய்

திரையில் நாலாம் நம்பர் தெற்கு மாரட் வீதியில் பதினாலு நிமிஷம் நகரவில்லை. போன் போட்டேன். சேவுகன் எடுத்தான், மூச்சு வாங்கியது. "ஒண்ணுமில்லண்ணே, டீ குடிச்சோம்" என்றான்.

காசிமாயன் டீ குடிக்க மாட்டான். பாலாக இருக்கும். 'நெரிசல்' என்று பதிந்தேன்.

பிப்ரவரி 14, புதன்

ஆடியில் நடந்ததை இந்திராணி இன்று கிளறினாள். "அன்னைக்கு அந்த டின்ன அடுக்குனது யாரு, கயிறு கட்டுனது யாரு?" என்று. அவளுக்குத் தெரியாதா என்ன. சோற்றில் கை கழுவினேன்.

பிப்ரவரி 21, புதன்

சார்ஜ் போடுகிற இடத்துக்குப் போனபோது நாலாம் நம்பர் உள்ளே வந்தது. ஸ்டீரிங்கில் சேவுகன். காசிமாயன் பக்கத்துச் சீட்டில், மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் சேவுகன் தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டான். கள்ளன் மாதிரி. நான் திரும்பி நின்று வேறு ஒரு வண்டியின் டயரை உதைத்துப் பார்த்தேன். காற்று சரியாக இருந்தது.

எவ்வளவு நாளாக இது நடக்கிறது என்று கேட்கவில்லை. பதிமூன்றாம் தேதியிலிருந்து என்று எனக்கே தெரியும். தள்ளுவதும் அவனே, ஓட்டுவதும் அவனே. சம்பளம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

உண்மையைச் சொன்னால், அந்தப் பதிமூன்றாம் தேதி ராத்திரி வந்த தூக்கம் பத்து நாளாக வராத தூக்கம். சேவுகன் கையில் வண்டி இருக்கிறது, பயமில்லை என்று இருந்தது.

பிப்ரவரி 26, திங்கள்

புது ஏற்பாடு. ஒன்பதாம் நம்பர் வண்டியை டிரைவரின் மச்சான் எடுத்துப்போய்ச் சுவரில் தேய்த்துவிட்டான். அதனால் இனிமேல் வண்டி கிளம்ப வேண்டும் என்றால், பட்டியலில் உள்ள டிரைவர் ஒவ்வொரு நடைக்கும் கேமராவில் முகம் காட்ட வேண்டும். வேறு முகம் என்றால் வண்டி நகராது. பாதி வழியில் ஆள் மாறினாலும் கத்தும்.

"யார் கைல வண்டி இருக்குன்னு நமக்குத் தெரியணும்ல. பாதுகாப்புக்குத்தான். சரிதானண்ணே?" என்று பெனாசிர் கேட்டது.

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். லாரி எதுவும் வரவில்லை. ஹாரன் எதுவும் அடிக்கவில்லை.

"நல்லதும்மா" என்றேன்.

மார்ச் 5, செவ்வாய்

நாலாம் நம்பர். தெற்கு மாரட் வீதி முனை. பதினொன்றே கால். சேவுகன்.

இதற்கு மேல் இன்று எழுத முடியாது.

மார்ச் 6, புதன்

சேவுகன் தள்ளுவண்டியில் பெட்டிகளை அடுக்கிவிட்டு, முனைக் கடைத் தூணோரம் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்திருக்கிறான். முதுகு தெருப் பக்கம். காசிமாயன் வண்டியை முனைக்குக் கொண்டுவந்திருக்கிறான். அப்போது வலிப்பு. கால் பெடலில் விறைத்துவிட்டது. டீசல் வண்டியாக இருந்தால் உறுமிக்கொண்டு வந்திருக்கும், சேவுகன் துள்ளி விலகியிருப்பான். இது ஓசையில்லாமல் வந்து அவனைத் தூணோடு வைத்து நசுக்கிவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இடது காலைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார்கள். அவன் பெண்டாட்டி மலர்க்கொடி வராந்தாவில் அவனுடைய ஒற்றைச் செருப்பைப் பையில் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று கிடைக்கவில்லையாம், தெருவில் தேடச் சொன்னது. சரி தாயி, தேடுகிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது.

காசிமாயனைக் குடிகாரன் என்று நினைத்து ஜனங்கள் அடித்திருக்கிறார்கள். உதடு கிழிந்திருக்கிறது. போலீஸ் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, குடி இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அவனுக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. "நான் யாரண்ணே இடிச்சேன்?" என்று என்னிடம் கேட்டான். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மார்ச் 7, வியாழன்

போலீஸ் வந்து சேவுகனிடம் வாக்குமூலம் வாங்கிப் போயிருக்கிறது. நான் மத்தியானம் போனேன். கட்டிலில் போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அங்கே பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

"என்னடா சொன்ன அவுககிட்ட?"

"நாந்தேன் பாக்காமக் குறுக்க வந்துட்டேன்னேன். வண்டி மேல தப்பு இல்லைன்னேன்."

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"வேற எப்பிடிச் சொல்லச் சொல்றீக? வலிப்புன்னு சொன்னா, யார் யாருக்குத் தெரியும்னு அடுத்துக் கேப்பான். உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். ஸ்டாண்டுக்கே தெரியும். அத்தன பேரும் உள்ள போனா எங்காலு மொளச்சிருமா? கோவம் வராம இல்லண்ணே. காலைல எந்திரிச்சுக் கீழ பாத்தப்ப அவனக் கொல்லணும் போலத்தேன் இருந்துச்சு. அவன் வேணும்னா செஞ்சான்?"

"தப்பு உன் மேலன்னு எழுதிட்டா கம்பெனி உனக்கு ஒண்ணும் செய்யாதுடா."

"தெரியும்."

"திங்கக்கிழம அவன மறுபடி வண்டிய எடுக்கச் சொல்லிட்டாக."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடியபடியே, "வேற யாரையாச்சும் ஏறி ஓட்டச் சொல்லுங்கண்ணே அவனுக்கு" என்றான்.

"முகம் காட்டணும்டா."

"ஆமால்ல" என்றான். பிறகு கூரையைப் பார்த்தபடி, "அப்ப அவன் முறைக்கு என்னண்ணே செய்றது?" என்று என்னைக் கேட்டான். ஒற்றைக் காலோடு கிடந்துகொண்டு அதைக் கேட்கிறான். அவனைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடித்தால் வலிக்குமே என்று வெளியே போய் அழுதேன்.

திரும்பக் கிடங்குக்கு வந்தால் பெனாசிர் முறை நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறது. கண் வீங்கியிருந்தது. "சேவுகன் அண்ணன் தப்பு தன்னோடதுன்னு சொல்லிட்டாரு. இருந்தாலும் மேலிடத்துல காசிமாயன் அண்ணனப் பத்திக் கேட்டாங்க. நான் இத அனுப்பிட்டேன். ஒன்றரை வருஷம், ஒரு விபத்து இல்ல, ஒரு விடுப்பு இல்ல. இதவிட என்ன சான்று வேணும்? அவரு வேலைய இந்த நோட்டுதான் காப்பாத்துச்சு" என்றது.

பிறகு, "இது உங்க கையெழுத்துதானண்ணே?" என்றது. சும்மா, வழக்கத்துக்குத்தான் கேட்டது.

"ஆமாம்மா" என்றேன்.

மார்ச் 9, சனி

எண்ணெய் டின்னை நான்கு அடுக்குக்கு மேல் அடுக்கக் கூடாது. ஊரில் எல்லோருக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்த ஆடி மாசம், அப்போது என்னிடம் இருந்த வண்டியில் ஐந்து அடுக்கு அடுக்கினேன். மீதி டின்னுக்கு இன்னொரு நடை போகச் சோம்பல், மழை வேறு தூறியது. கயிறு பத்தவில்லை, இருந்ததை வைத்து இழுத்துக் கட்டினேன். காசிமாயன் என் வண்டிக்காரன்கூட இல்லை. அந்தப் பக்கமாகப் போனவன், "இருங்கண்ணே, நான் ஒரு கை புடிக்கிறேன்" என்று இறக்க வந்தான். கயிறு அவிழ்ந்தது.

தானாக அவிழ்ந்தது என்றுதான் ஸ்டாண்டில் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து நோட்டில் காசிமாயன் பெயரை நானே முதல் ஆளாக எழுதினேன். வழக்கப்படி அவனுடைய இடம் ஏழாவதோ எட்டாவதோ வரும் நாளிலும் முதலில் எழுதினேன். ஒருத்தனும் ஏன் என்று கேட்கவில்லை. முதல் பெயர், அதிக நடை. அதனால்தான் கம்ப்யூட்டர் அவனை முதலில் எடுத்தது. ஊர் வழக்கம் பாதி, என் கள்ளத்தனம் பாதி.

இந்திராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "திங்கக்கிழம காலைல எட்டு மணிக்கு அவன் ஓட்டுற தெருவுல பள்ளிக்கூடம் தொறக்கும். அதுக்குள்ள போயிருங்க" என்றாள்.

மார்ச் 10, ஞாயிறு

நோட்டுகளைத் திரும்பக் கேட்டு வாங்கிவந்துவிட்டேன். ஒரு தப்பு இருக்கிறது, திருத்தித் தருகிறேன் என்றேன். பெனாசிர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தது. நாளைக் காலையில் வண்டி கிளம்பும் முன் நோட்டையும் இந்த டைரியையும் சேர்த்து அதன் மேஜையில் வைப்பேன். பிறகு போலீஸ் ஸ்டேஷன். என்ன கேஸ் ஆகும் என்று தெரியாது. எனக்கு ஆனால் ஆகட்டும், அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்தானே. சேவுகன் குறுக்கே வரவில்லை என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

காலைச் சாப்பாடு முடித்து வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சிவப்புப் பேனா. ஒவ்வொரு தேதியிலும் காசிமாயன் என்று இருப்பதை அடித்துவிட்டு, அன்றைக்கு உண்மையில் போனவன் பெயரை எழுதினேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, அதுதான் கொடுமை. சேவுகன். சேவுகன். மூக்கையா. சேவுகன். தீபாவளி அன்றைக்குக்கூடச் சேவுகன். அவன் மகளுக்குக் காது குத்திய நாளிலும் சேவுகன், குத்தி முடித்ததும் ஓடி வந்தான்.

பதினோரு மணி இருக்கும், காசிமாயன் வந்தான். உதட்டில் தையல். என்னைக் கூப்பிடவில்லை. தின்பண்டம் எதுவும் கொண்டுவரவில்லை. படியில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்தான். என்ன செய்கிறேன் என்று அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"நாளைக்குக் குடுக்கப் போறீகளாண்ணே?"

"ஆமாடா. அந்த டின்னு தானா விழுகல காசி. கயிறு கட்டுனது நான். அஞ்சு அடுக்கு."

"தெரியும்ணே" என்றான். "கீழ இருந்து பாத்தேன்ல."

ஒன்றரை வருஷமாக அவனுக்குத் தெரியும். அவன் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. இனி என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது. நான் பேனாவை மூடினேன். அவன், "எழுதுங்க, நிறுத்தாதீக. நானும் கூட வர்றேன் நாளைக்கு. சேவுகன் காலுக்குப் பதில் சொல்லணும்ல" என்றான்.

பிறகு பக்கத்திலேயே இருந்து பக்கம் புரட்டிக் கொடுத்தான். ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே போனேன். பங்குனி வந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தான். 'காசிமாயன், வடக்கு மாசி வீதி, மூன்று நடை' என்று இருந்த வரியில் விரலை வைத்தான்.

"இது நாந்தேன்ணே. அன்னைக்கு நல்லா இருந்தேன். மூணு நடையும் நானே ஓட்டுனேன், ஒரு ஒரசல் இல்ல. இத மட்டும் அடிச்சிராதீக."

அடிக்கவில்லை. அடுத்த வரிக்குப் போனேன்.